மலை ஏறிய கோச்சியும் தலைமன்னார்க் கோச்சியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1970களின் நடுப்பகுதியில் உயர்தர வகுப்பில் படித்தவர்கள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பள்ளிக்கால நினைவுகளைப் பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது நாங்கள் ஊட்டிக் கோச்சியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றோம். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பதற்கு நியாயம் உண்டு. பருத்தித்துறை கோச்சி ஓடாத ஊர். வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வடமராட்சிப் பக்கம் அது திரும்பிப் பார்க்கவில்லை. கோச்சி ஏற வேண்டுமென்றால் நாங்கள் பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் ஏறி, வரணி வழியாகக் கொடிகாமம் போக வேண்டும். மலையும் எங்களுக்கு இல்லை. இந்த ஊரில் நாங்கள் கண்ட உயரம் பனையும் வெளிச்சவீடும்தான். மலையும் இல்லாத, தண்டவாளமும் இல்லாத ஊர்ப் பெண்கள் மலைக் கோச்சியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதற்கு மறுமொழி இந்த உரையின் முடிவில் இருக்கிறது. பொறுமையோடு கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வகுப்புத் தோழி ஒருவரின் மகளுக்குக் கோயம்புத்தூரில் திருமணம். பருத்தித்துறையிலிருந்து மூன்று பேர், கொழும்பிலிருந்து இரண்டு பேர், லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று மற்றவர்கள், எல்லாமாகப் பதினொரு பேர் சேர்ந்தோம். நாற்பது ஆண்டுகளின் பின் அவ்வளவு பேர் ஒன்றாக இருந்தது அதுவே முதற்தடவை. கலியாணம் முடிந்ததும் ஊட்டிக்குப் போவோம், போனால் மலைக் கோச்சியில்தான் போவோம் என்று முடிவெடுத்தோம். அதற்கு ரிக்கற் எடுப்பது லேசான காரியம் இல்லை. மணமகளின் தம்பி பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் பதிந்து வைத்திருந்தபடியால் தப்பினோம்.

விடியற்காலை மேட்டுப்பாளையம் நிலையத்தில் நின்ற அந்தச் சிறிய வண்டியைப் பார்த்ததும் எங்களில் ஒருத்தி, "இது விளையாட்டுச் சாமான் மாதிரியெல்லோ இருக்கு" என்றாள். இலங்கையில் நாங்கள் ஏறிப் பழகிய கோச்சிக்குத் தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி. இதற்கு ஒரு மீற்றர், அதாவது மூன்றேகால் அடிக்குச் சற்றுக் கூட. டார்ஜிலிங்கில் ஓடுவதற்கு இரண்டடிதான். சிம்லாவுக்குப் போவதற்கு இரண்டரை அடி. மலையில் பாதை வெட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு அடியும் பணம். இடைவெளி குறைந்தால் வளைவை இறுக்கமாகப் போடலாம், பாறையைக் குறைவாக உடைக்கலாம், சுரங்கத்தைச் சிறிதாகக் குடையலாம். அதனால்தான் மலைக் கோச்சிகள் பல ஒடுங்கியவையாக இருக்கின்றன.

நீலகிரிக்கு இப்படி ஒரு பாதை போட வேண்டும் என்ற யோசனை 1854இலேயே எழுந்தது. வேலை தொடங்கியது 1891இல். குன்னூர் வரைக்கும் வண்டி ஓடியது 1899இல். உதகமண்டலத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1908இல். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீற்றர். நடுவிலே 46 கிலோமீற்றர். அதற்குள் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள்.

கல்லாறு நிலையம் கழிந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏற வேண்டும். சாதாரண எஞ்சின் அந்தச் சரிவில் ஏறாது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவிலே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் இரண்டை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றச் சட்டத்தின் இடைவெளி வரும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றில் பிடித்துப் பிடித்து ஏறுகின்றன. ஒரு பல் விட்டாலும் மற்றப் பல் பிடித்திருக்கும். றோமன் அப்ட் என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் கண்ட முறை இது. அந்த நாட்டு வின்ரர்தூர் நகரத்திலிருந்தும் எஞ்சின்கள் வந்தன. பின்னாளில் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையிலும் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு விசயம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. மலை ஏறும்போது எஞ்சின் முன்னாலே நின்று இழுப்பதில்லை. பின்னாலே நின்று தள்ளுகிறது. பெட்டி ஏதும் கழன்றாலும் பின்னே உருண்டு போகாமல் அது தாங்கிக் கொள்ளும். முன்பெட்டியில் இருப்பவர்களுக்குக் காடும் பள்ளமும் தெரியும், எஞ்சின் தெரியாது. "எங்கட ரீச்சர்மார் மாதிரி" என்று ஒருத்தி சொன்னாள். அப்போது சிரித்தோம். இன்று அவர்கள் முன்னிலையில் அதைச் சிரிக்காமல் சொல்கிறோம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு தடைக்காவலர் நிற்கிறார். கையில் கொடி. ஒருவர் கொடியை அசைக்க அடுத்தவர் அதைப் பார்த்து அசைக்க, செய்தி பின்னாலுள்ள எஞ்சின் சாரதி வரை போகிறது. வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் அளவு. பருத்தித்துறையில் சைக்கிள் ஓடுகிறவர் இதிலும் விரைவாகப் போவார். தண்ணீர் எடுப்பதற்காக எஞ்சின் வழியில் நிற்கும்போது எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். நாங்கள் கொண்டுபோன பருத்தித்துறை வடையைப் பக்கத்து இருக்கையிலிருந்த மராட்டியக் குடும்பத்துக்கும் கொடுத்தோம்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினைப் பூட்டினார்கள். அதன்பின் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தேயிலைக்கும் யூக்கலிப்டசுக்கும் நடுவே போனோம். 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. டார்ஜிலிங் பாதை அதற்கு முன் 1999இல், சிம்லாப் பாதை பின்னர் 2008இல். ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சரிகிறது, பாதை மூடப்படுகிறது, திரும்பவும் திருத்துகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கேட்கிறார்கள், ஊர் மக்கள் பெருமைப்படுகிறார்கள், அதனால் அது ஓடுகிறது.

கேத்திக்குக் கிட்டப் போகையில்தான் எங்களில் ஒருத்தி, "நானுஓயாவில ரீச்சர் காட்டினது ஞாபகம் இருக்கே?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் அமைதியானோம்.

1973ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் எங்கள் வகுப்பு மலைநாட்டுச் சுற்றுலா போனது. கொடிகாமத்தில் இரவுத் தபால் கோச்சி ஏறி, பொல்காவலையில் இறங்கி, பதுளைக் கோச்சிக்காகக் குளிரில் நின்றோம். நானுஓயா நிலையத்தில் புவியியல் ரீச்சர் எங்களை வரிசையாக நிறுத்தி ஒரு பக்கம் கையைக் காட்டினார். "இதிலயிருந்து ஒரு சின்னக் கோச்சி நுவரெலியாவுக்கும் கந்தப்பளைக்கும் ராகலைக்கும் போனது. இரண்டரை அடித் தண்டவாளம். இப்ப இல்லை" என்றார். 1903இல் நுவரெலியா வரைக்கும் ஓடத் தொடங்கிய உடப்புசலாவைப் பாதை அது. தேயிலைப் பெட்டிகளையும் உரத்தையும் அரிசியையும் ஆட்களையும் ஏற்றிய பாதை. லொறியும் பஸ்ஸும் வந்ததும் வருமானம் விழுந்தது. 1940களில் மூடித் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். ஊட்டிக்கு ஓடுவதைப் போன்ற ஒன்று எங்கள் நாட்டிலும் இருந்தது. யாரும் அதை வைத்திருக்க நினைக்கவில்லை.

ஆனால் எங்களை அமைதியாக்கியது அந்தச் சின்னக் கோச்சி அல்ல. அதற்குச் சற்று முன்பு ஹற்றன் நிலையத்தில் நாங்கள் கண்டது. எங்கள் கோச்சி அங்கே நின்றபோது எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோச்சி நின்றது. அதற்குள் நிறையச் சனம். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், அம்மி. மேடையில் நின்றவர்கள் யன்னலுக்குள்ளே கையை விட்டு உள்ளே இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் அழுதார்கள். செத்த வீட்டில்தான் நாங்கள் அப்படி அழுகை கேட்டிருக்கிறோம். கோச்சி அசைந்தபோது ஒரு கிழவி பெட்டியின் பலகையில் தலையை மோதினாள். "என்ன ரீச்சர்?" என்று கேட்டோம். "இந்தியாவுக்குப் போகினம்" என்றார். எங்கள் கோச்சியும் புறப்பட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு ஒருத்தி பாட்டுத் தொடங்கினாள். நாங்களும் சேர்ந்து பாடினோம்.

இதை இன்று இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறோம். அந்தக் கோச்சி ஏன் போகிறது என்று நாங்கள் திரும்பக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது பற்றியும், 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டது பற்றியும் எங்களுக்குச் சரித்திரப் பாடத்தில் ஒரு வரியேனும் படிப்பித்ததாக நினைவில்லை. ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்குப் போட்டு, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மலையகத்தில் அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வழங்கியது.

எங்கள் குற்றம் அதோடும் நிற்கவில்லை. அந்நாளில் எங்கள் வீடுகள் சிலவற்றில் மலையகத்திலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். எங்கள் வயதுதான். நாங்கள் வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் வரும்போது படலையைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். பாஷை ஒன்று, சாமி ஒன்று, அவர்களுடைய ஊரின் பேர்கூட எங்களில் பலருக்குத் தெரியாது.

ஊட்டியில் இரண்டு நாள் நின்றுவிட்டு வானில் திரும்பினோம். குன்னூரை அண்டிய ஒரு சிறிய கடையில் தேநீருக்கு நிறுத்தினோம். வர்க்கியும் தேநீரும் தந்த அம்மாவுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். நாங்கள் வழமைபோல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கிட்ட வந்து, "நீங்க சிலோனா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "கதைக்கிறோம்னு சொன்னீங்களே. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருசமாச்சு" என்றார்.

அவர் ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினைந்து வயதில், 1973இல், வீட்டாரோடு வந்தவர். நானுஓயாவில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரிக்கு. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் இந்த மலைகளில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1976இல் அது ரான்ரீ என்ற கூட்டுத்தாபனம் ஆயிற்று. வந்தவர்களுக்குக் கை தெரிந்த தொழில் தேயிலைதான். அதனால் நீலகிரியில் எத்தனையோ குடும்பங்கள் மலையகத்திலிருந்து வந்தவை. "அங்க எங்களை இந்தியாக்காரன்னாங்க. இங்க சிலோன்காரன்னாங்க. இப்போ பிள்ளைங்க காலத்துல அது குறைஞ்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

மலைக் கோச்சியில் வந்த கதையை நாங்கள் உற்சாகமாகச் சொன்னோம். நீங்கள் எத்தனை தரம் ஏறியிருப்பீர்கள் என்று கேட்டோம். "ஏறினதே இல்லீங்க. அது சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு. நாங்க பஸ்ஸுலதான் போவோம்" என்றார். பிறகு கிளாஸைத் துடைத்தபடியே சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல ராகலைக்குக் கோச்சி வந்துச்சாம். நான் பாக்கல. நான் ஏறின கோச்சி ஒண்ணுதான். தலைமன்னார்க் கோச்சி. ஹட்டன்ல எங்க பாட்டிய இறக்கிவிட்டுட்டாங்க. அவங்களுக்குச் சிலோன் பிரஜா உரிமை, எங்களுக்கு இந்தியா. வழியனுப்ப வந்தவங்க அதுக்கு மேல வரக்கூடாதுன்னுட்டாங்க."

அது நாங்கள் கண்ட கோச்சிதானோ என்று அவரிடம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதே ஆண்டில் ஹற்றனால் எத்தனையோ கோச்சிகள் போயிருக்கும். எதுவாக இருந்தால் என்ன. ஒரு யன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பாட்டுப் படித்தோம். அந்தப் பக்கம் அவர்கள் இருந்தார்கள்.

புறப்படும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். ராகலைப் பக்கம் போனால் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று. தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பின்னர் எங்களுக்கு நேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். 1990இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கொடிகாமம் நிலையம் பற்றைக்குள் மறைந்தது. 1995இல், அதுவும் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துச் சனம் ஓரிரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கள் பக்கமும் தென்மராட்சிப் பக்கமும் நடந்து வந்தது. எங்கள் வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. பாய்ச் சுருட்டும் தகரப் பெட்டியும் எங்கள் கைக்கும் வந்தன. நாங்களும் கப்பலிலும் விமானத்திலும் ஏறினோம். லண்டனில் இருக்கும் தோழி சொன்னாள், "ஹற்றன் மேடையில கேட்ட அழுகையை நான் பலாலியில விளங்கிக்கொண்டன்" என்று.

2014இல் கோச்சி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. 2015 தை மாதம் காங்கேசன்துறைக்கும் போனது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் மீண்டும் கொடிகாமத்தில் ஏறி மலைநாட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள். எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று எடுத்த படங்களை நாங்கள் முகநூலில் பார்த்து மகிழ்கிறோம். அந்தப் பாதையை வெட்டியவர்களும், அதில் ஏற்றுவதற்குத் தேயிலை பறித்தவர்களும் யார் என்று அந்தப் படங்களில் தெரியாது. மேகமும் பச்சையும் தெரியும். படத்தின் விளிம்புக்கு வெளியே லயன் வீடுகள் இருக்கின்றன. அங்கே எங்கள் பிள்ளைகளின் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழைய கோச்சியைச் சுற்றுலாவுக்காகக் காப்பது நல்ல காரியம். ஊட்டிக் கோச்சி ஓடாமல் இருந்திருந்தால் நாங்கள் அந்தக் கடைக்கே போயிருக்கமாட்டோம். ஆனால் எஞ்சினையும் பற்சக்கரத்தையும் பாலத்தையும் மட்டும் காத்துவிட்டு, அந்த மலையில் வாழ்கிறவர்களைப் பாராமல் வந்தால், நாங்கள் 1973இல் போனதுபோலத்தான் இன்னும் போகிறோம்.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்களை எங்கள் வகுப்பின் பெயரால் வைக்கிறோம். முதலாவது, எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் மலைநாட்டுச் சுற்றுலா போகும்போது ஒரு நாளையாவது தோட்டப் பாடசாலை ஒன்றின் மாணவிகளோடு கழிக்க வேண்டும். உதவி கொடுக்கப் போகிறவர்களாக அல்ல, பழகப் போகிறவர்களாக. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் பருத்தித்துறைக்கு வந்து கடல் பார்க்க வேண்டும். இரு பக்கத்துப் பயணச் செலவின் முதல் ஐந்து ஆண்டுகளை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது, எங்கள் வீடுகளில் படலை திறந்துவிட்ட அந்தப் பிள்ளைகளைப் பற்றி, தெரிந்தவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். பெயரும் ஊரும் மட்டும் தெரிந்தாலும் எழுதுங்கள். நூறாண்டு மலரில் எங்கள் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. அவர்களுக்கு அப்படி ஒரு மலர் இல்லை.

கடைசியாக, அந்தப் படம். கொழும்புத் தோழிகள் இருவர் அடுத்த ஆண்டு நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போனார்கள். தோட்டத்தைத் தேடிப் பிடித்து, கோயிலைப் படம் எடுத்து, அவருடைய மகனின் வாட்ஸ்அப்பிற்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் குரல் பதிவு ஒன்று வந்தது. "கோயிலுக்கு வெள்ளை அடிச்சிருக்காங்க. பக்கத்துல இருந்த பலாமரம் இல்ல. பரவால்ல. எங்க வாசல் தெரியுது" என்றார்.

இந்த முறை நாங்கள் ஏழு பேர் குன்னூருக்குப் போவதாக இருக்கிறோம். ஊட்டிக் கோச்சியில் எட்டு ரிக்கற் எடுத்திருக்கிறோம்.